உள்ளே பஞ்சு வைத்தது

துண்டுத் துணிகளை இணைத்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கும் ஒட்டுத்துணித் தையல் கற்றுக்கொண்ட நாளிலிருந்து, மாதத்துக்கு ஒன்றாகத் தைத்துத் தள்ளினாள் மனைவி. மகளுக்கு மெத்தைவிரிப்பு, கொழுந்தனாருக்குக் கைப்பை. கணவருக்கு மட்டும் ஒரு கைக்குட்டைகூடக் கிடையாது. அவருக்கு உள்ளுக்குள் புகைந்தது.

அதனால், அவள் டேப்போடு சோபாவுக்கு வந்தபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"எனக்கா?"

"உங்களுக்கேதான். எழுந்திரிக்காதீங்க, அப்படியே உட்காருங்க."

தோள், வயிறு, முழங்கால் எல்லாம் அளந்தாள்.

'கோட்டு!' என்று நண்பர்களுக்கெல்லாம் போன் போட்டுப் பீற்றிக்கொண்டார்.

தைத்து முடித்ததும், அவர் தலைவழியே மாட்டிவிட்டாள். உள்ளே கும்மிருட்டு.

"கழுத்து எங்கேம்மா? கையையும் காணோமே!"

"கோட்டுன்னு யார் சொன்னா? இது கவருங்க. ரிடையரானதிலேருந்து இடத்தை விட்டு நகர மாட்டேங்கிறீங்க. டிவிக்கு கவர் போட்டாச்சு, சோபாவுக்குப் போட்டாச்சு. உங்க மேலதான் தூசி படியுது."

மூக்குக்கு மேல் கோபம் வந்தது அவருக்கு. உதறிவிட்டு எழுந்துவிடலாம் என்று பார்த்தார். அப்போதுதான் விரலில் ஓர் ஓட்டை தட்டுப்பட்டது. ரிமோட் பிடிக்கும் கைக்காகவே அளவாக விட்டுத் தைத்திருந்தாள்.

அதன் வழியே கையை வெளியே நீட்டி, ரிமோட்டைத் துழாவி எடுத்தார்.

"கண்ணுக்கும் ரெண்டு வெச்சுக் குடேன்" என்றார் உள்ளிருந்து.