செவ்வந்தியின் மேகம்

பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகம் கேட்கவில்லை. இப்போதெல்லாம் யாரும் கேட்பதில்லை. “பொண்ணோட மேகத்தைக் காட்டுங்க” என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

பெண்ணின் அப்பா மயில்சாமி சுவர்த்திரையைப் போட்டார். தொட்டில் போடும் நாளில், நட்சத்திரங்கள் பிறக்கும் நெபுலாவில் குழந்தைக்கென்று ஒரு வாயுத் திரளைக் குறித்து வைப்பார்கள். அது இறுகி நட்சத்திரமாகிறதா என்று பிறகு குடும்பமே பார்த்துக்கொண்டிருக்கும். அன்றைக்குக் கொழுக்கட்டை போல உருண்டிருந்த செவ்வந்தியின் திரள், இன்று ஒரு பக்கம் அரிக்கப்பட்டு வாலாக இழுபட்டுக் கிடந்தது.

“கலைஞ்சுக்கிட்டே வருதுங்களே?”

“பக்கத்துல ஒரு நட்சத்திரம் பத்திக்கிச்சுங்க. அது வீசற காத்துல இது கரையுது” என்றார் மயில்சாமி.

“அது யாரோடதுங்க?”

அவர் திரையைச் சரிசெய்வதுபோலத் திரும்பிக்கொண்டார். காபித் தட்டுடன் நின்ற செவ்வந்தி சொன்னாள்: “தம்பி நவிலனோடதுங்க. அக்காவும் தம்பியும் பக்கத்துல இருக்கட்டும்னு அப்பாதான் கேட்டு வாங்கினாரு.”

அவள் குரலில் குறையே இல்லை. அதுதான் அவரைத் தலைகுனிய வைத்தது. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் இத்தனை நாளும் அவர் பெருமையாகக் காட்டியது மகனின் நட்சத்திரத்தைத்தான்.

“சரி, அது கெடக்கட்டும்” என்று பேச்சை மாற்றினாள் மாப்பிள்ளையின் அம்மா. “பொண்ணு எது வரைக்கும் படிச்சிருக்குதுங்க?”

செவ்வந்தி இந்த முறை வாயைத் திறக்கவில்லை. தம்பியின் படிப்புக்காகத் தன்னைக் கல்லூரியிலிருந்து பாதியில் நிறுத்திய அப்பாவே சொல்லட்டும் என்று, தட்டைப் பிடித்தபடி நின்றாள்.