முட்டி உடைக்கும் விளையாட்டு

கோயில் மண்டபத்தில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி மணியம், போலீசுக்கு மலாயில் எழுதிய மனுவைத் தமிழில் விளக்கிக்கொண்டிருந்தார்.

"கோலா பிலாவில் ஒரு வீடியோ கேம் கடை இருக்கிறது. அங்கே ஒரு கேமில் மஞ்சள் முகமூடி போட்ட ஒருவன் கம்பால் அடித்து எதிரிகளின் முட்டியை உடைக்கிறான். அதை விளையாடி விளையாடி நம் இளைஞர்கள் மிருகங்களாகி வருகிறார்கள். நாளைக்கு இந்தத் தோட்டத்திலும் முட்டி உடையும்."

"ஐயோ, ரப்பர் பால் லாரி ஓட்டுற எட்வர்ட் தெனம் அங்கதானே கெடக்கான்!" என்றாள் தாயம்மா.

"அவனா? ஓணான அடிச்சாலே பாவமன்னிப்புக்கு ஓடுவான்லா!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மண்டபம் சிரித்தது.

மணியம் சிரிக்கவில்லை. "சிரிங்க. மொத முட்டி ஒடையறப்போ, கிராணி அன்னிக்கே சொன்னாரேன்னு நெனைப்பீங்க."

அதன்பிறகு எல்லாரும் கையெழுத்தோ கைநாட்டோ போட்டார்கள். மனு மறுநாளே தபாலில் போனது.

உண்மையில் மணியத்துக்கு இளைஞர்கள்மீது அக்கறையும் இல்லை, கேம்மீது கோபமும் இல்லை. அவருடைய கவலையெல்லாம் அர்ச்சுனன்.

பெரிய கிராணி ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்கு இரண்டே பேர்தான் போட்டி. ஒருவர், பதினெட்டு வருடமாகச் சின்னக் கிராணியாகவே காய்ந்துகொண்டிருக்கும் மணியம். இன்னொருவன், போன வருடம் வந்த அர்ச்சுனன். வெள்ளிக்கிழமை காலையில் தோட்ட நிர்வாகியான துரை இருவரையும் நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார். வராதவனுக்கு இன்னொரு நாள் கிடையாது. துரைக்கு அர்ச்சுனனைத்தான் பிடிக்கும் என்பது துரை வீட்டு நாய்க்குக்கூடத் தெரியும்.

ஆகவே வியாழக்கிழமை அர்ச்சுனனின் முட்டி உடைய வேண்டும். பழி எட்வர்ட்மீது விழ வேண்டும்.

மணியம் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. இரண்டு முறை கோலா பிலாவுக்கு பஸ் ஏறிப் போய், ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு, அந்த கேமைத் தாமே விளையாடிப் பார்த்தார். எட்வர்ட்தான் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தான்.

"மேல அடிக்காதீங்க ஐயா, தடுத்துருவான். குனிங்க. பக்கவாட்டுல வீசுங்க, நேரா முட்டிக்கு. ஆங், அதான்! ஐயா பெரிய கில்லாடிலா!"

நாற்பத்தேழு வயதில் அவரை யாரும் கில்லாடி என்று சொன்னதில்லை. மணியம் மூன்றாவது முறையும் போனார். அது ஆராய்ச்சிக்காக அல்ல.

வியாழன் மாலை ஆறு மணி. அர்ச்சுனன் ரப்பர் மரங்களுக்கு நடுவே உலாத்தியபடி நேர்முகத்துக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். எட்வர்ட் தினமும் அந்த நேரத்தில் அந்த வழியாகத்தான் பிலாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் திரும்புவான்.

"மை ஸ்ட்ரோங் போய்ண்ட், சார்..." என்று அர்ச்சுனன் ஒரு மரத்திடம் தொடங்கினான். பக்கத்து மரத்தின் பின்னாலிருந்து கம்பு வந்தது. தாழ்வாக, பக்கவாட்டில், நேராக முட்டிக்கு. அலறி விழுந்தவன் கண்ணில் பட்டது, ஓடி மறைகிற மஞ்சள் முகமூடி மட்டும்தான்.

ஏழு மணிக்கு பிலாவிலிருந்து போலீஸ் சார்ஜன் அந்தோணிதாஸ் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். உள்ளே அர்ச்சுனன் காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே பாதித் தோட்டம் கூடி, கிராணியின் தீர்க்கதரிசனத்தை வியந்துகொண்டிருந்தது. எட்வர்டைக் காணவில்லை, ஓடிவிட்டான் என்றார்கள். மணியத்துக்கு அது எதிர்பாராத லாபம்.

குளித்து, திருநீறு பூசி, சலவைச் சட்டை போட்டிருந்த அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"நான் பாத்தேன் சார்ஜன். முகமூடிய அவுத்துக்கிட்டே ஓடினான். எட்வர்ட்தான்."

"மரக்காட்டுக்குள்ள, தூரத்துல... வேற யாராவது இருக்கலாமில்ல?"

"தூரம் என்ன தூரம், பத்தடி. கழுத்துல கெடந்த சிலுவகூட ஆடுச்சு. ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்."

"மணி?"

"சரியா ஆறு."

சார்ஜன் ஒரு வார்த்தை விடாமல் எழுதினார், வாசித்துக் காட்டினார், கையெழுத்து வாங்கினார். மணியம் நிதானமாக, அழகாகப் போட்டார்.

"அந்தப் பய மேல எனக்குக் கோவமில்ல சார்ஜன். எல்லாம் அந்த கேம் பண்ற வேல. மொதல்ல கடைய மூடணும்."

"மூடியாச்சே," என்றார் சார்ஜன், பேனாவைப் பையில் செருகியபடி. "இன்னிக்கு மூணு மணிக்கு ரெய்டு. ஒங்க மனுவ வச்சுத்தான் போனோம். லைசென்ஸ் இல்லாத கடை. உள்ள இருந்த பதினோரு பேரையும் லாரில ஏத்தி போலீஸ் பாலாய்க்குக் கொண்டாந்துட்டோம். எட்வர்ட் மூணு மணியிலேர்ந்து எங்க ஸ்டேஷன்லதான் ஒக்காந்து ஜெபமால சொல்லிக்கிட்டிருக்கான். அது கெடக்கட்டும், கம்ப எங்க போட்டீங்க ஐயா?"

குடிதண்ணீர், சாலை, பாலர் பள்ளிக் கூரை என்று பதினெட்டு வருடங்களில் தோட்டத்துக்காக மணியம் எழுதிப் போட்ட நாற்பத்தொரு மனுக்களில், யாரோ பிரித்துப் படித்த முதல் மனு அதுதான்.