வடக்குச் சுவர்

“ஓவர்சியரை விடாதீங்கடா, தலையைப் பொளந்துடுங்க” என்ற சத்தம் வாசலில் கேட்டதுமே வெங்கடராகவன் மேஜைக்கு அடியில் புகுந்துவிட்டார். சித்தூர் ஆபீசில் பத்துப் பேரை அதட்டி வேலை வாங்கும் மனிதர், நகரி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கையைக் கூப்பிக்கொண்டு தரையில் கிடந்தார்.

கடப்பாரையும் சம்மட்டியுமாக இருபது பேர் நுழைந்தார்கள். எல்லோருடைய முகத்திலும் துண்டு. “எல்லையைத் தீக்காத சர்க்காருக்கு ஸ்கூலு ஒரு கேடா? இடிங்கடா” என்றான் முன்னால் நின்றவன்.

தாட்சாயணி டீச்சர் குறுக்கே போய் நின்றார். “புள்ளைங்க படிக்கிற எடம்பா. நல்லா இருப்பீங்க, போயிடுங்க.”

அவன் ஒரே தள்ளாகத் தள்ளினான். டீச்சரின் நெற்றி கரும்பலகையில் மோதி ரத்தம் வழிந்தது. ஓவர்சியர் வருகிறார் என்று பிள்ளைகளுக்கு லீவு விட்டிருந்தது எவ்வளவோ நல்லதாகப் போயிற்று.

முதல் அடி வடக்குச் சுவரில் விழுந்தது. செங்கல் சில்லு ஒன்று வெங்கடராகவனின் காதைக் கிழித்துக்கொண்டு போனது. அவர் வந்ததே அந்தச் சுவர் விஷயமாகத்தான்.

தகரக் கூரை, ஜன்னலே இல்லாத நாலு சுவர். பட்டப்பகலில் அரிக்கேன் விளக்கை ஏற்றிவைத்துப் பாடம் நடந்தது. வெக்கையிலும் புகையிலும் செல்வி என்கிற இரண்டாம் வகுப்புக் குழந்தை இரண்டு தடவை மயங்கி விழுந்திருந்தாள்.

“வடக்கால சுவத்துல ஆள் ஒசரத்துக்கு மேல நாலு ஜன்னல் போதும் சார். வெயில் வராது, வெளிச்சம் மட்டும் வரும். சூடும் மேலால போயிடும். மேற்கால சுவரு இப்டியே கனமா இருக்கட்டும், சாயங்கால வெயிலைத் தாங்கும்” என்று படம் போட்டே மனு கொடுத்திருந்தார் டீச்சர். இது நாலாவது மனு.

வெங்கடராகவனிடம் எப்போதும் ஒரே பதில்தான். “இந்த ஊர் ஆந்திராவா மெட்ராஸான்னு முடிவாகட்டும்மா. அதுவரைக்கும் புது வேலைக்கு ஒரு செங்கல் கிடையாது. இடிஞ்சு விழுந்தா ரிப்பேர் பண்ணலாம், அதான் என் கையில இருக்கு.” இன்றைக்கும் அதைச் சொல்லிவிட்டு, வடக்குச் சுவரில் இருந்த கரிக்கோடுகளைக் காட்டி, “பசங்களை இப்படிக் கிறுக்க விடாதேங்கோ” என்று புத்தியும் சொன்னார். சொல்லி வாயை மூடுவதற்குள் கூட்டம் வந்துவிட்டது.

அவருடைய காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். விலாவில் ஓர் உதை விழுந்தது. முன்னால் நின்றவன் கடப்பாரை முனையை அவர் தொண்டையில் வைத்தான்.

“எல்லைக்கோசரம் இடிச்சாங்கன்னு எழுது.”

“எழுதறேன்பா, எழுதறேன். எனக்குப் பெண் குழந்தைகள் இருக்கு.”

அப்படியே எழுதினார். ‘எல்லைக் கலவரத்தில் வடக்குச் சுவர் சேதம். உடனே ரிப்பேர் செய்ய வேண்டியது.’ கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார். செத்தாலும் தேதி போடாமல் சாகமாட்டார் போலிருந்தது.

“இப்ப ஓடு” என்றான் அவன்.

வெங்கடராகவன் ஓடினார். கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் இருந்த கள்ளிப் புதருக்குள் விழுந்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார். உள்ளே இன்னும் இடி கேட்டது. டீச்சரைக் கொன்றுவிடுவார்களோ என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது. திரும்பிப் போகத்தான் தைரியம் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் சத்தம் ஓய்ந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தார். வடக்குச் சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, நாலு ஓட்டைகள் ஒரே வரிசையில் தெரிந்தன. பக்கவாட்டில் தெரிந்த மேற்குச் சுவரில் கீறல்கூட இல்லை.

ஓட்டை வழியாக அந்தக் கடப்பாரைக்காரனின் குரல் வந்தது. இப்போது அதில் அதட்டலே இல்லை.

“நீங்க போட்ட கோடு தாண்டலையே, டீச்சர்?”