கழுதையின் முதுகு

புத்தக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவர், மேசைமேல் இருந்த மரக்கட்டையைப் பார்த்துவிட்டு மூடினார்.

உள்ளங்கை அகல அச்சுக் கட்டை. மேலே துத்தநாகத் தகடு. தகட்டில் ஒரு கழுதை.

"இது எதுக்கு இங்க?"

பதிப்பகத்திலிருந்து வந்திருந்த பொற்கொடி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

"அந்தக் கழுதைக் கதையை நீக்கியாச்சு அய்யா. நீங்க லெட்டர்ல எழுதினபடியே. பதிமூணுல பன்னெண்டுதான் வருது. அட்டைக்கு யானையைப் போட்டிருக்கோம்."

"நான் கேட்டது கட்டையை."

எழுபத்தொன்பது வயதிலும் நாற்காலியில் சாயாமல் உட்கார்கிறவர். 

ஆவுடை அவருடைய ஒரே தங்கை. போன ஐப்பசியில் போய்விட்டாள். கணவர் முன்பே போய்விட்டார்; பிள்ளையும் இல்லை. அவள் எழுதியதற்கெல்லாம் இனி அவர்தான் வாரிசு.

பத்தொன்பது வயதில் எழுதத் தொடங்கினாள். ஊர் அச்சகத்துக்காரர் நடத்திய சிறுவர் இதழில், மாதம் ஒரு கதை. எல்லாம் மிருகக் கதைகள். எல்லா மிருகமும் தெரிந்த ஆட்கள்.

பால்காரர் கொக்காக ஒற்றைக் காலில் நின்றார். சேதி கொண்டுவரும் பெரியம்மா காக்கையாக வந்தாள். சின்ன மாமா நரி. அவரே சத்தம் போட்டுப் படித்துவிட்டு, "படுபாவி, என் மீசையைக்கூட விடலியே" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

மாதம் பிறந்தால் வீடே இதழுக்குக் காத்திருக்கும். அப்போது அந்த வீட்டில் சிரிப்பு இருந்தது.

பதிமூன்றாவது மாதம் கழுதை வந்தது.

யாருக்கும் தலை வணங்காத கழுதையாம். டீக்கடையில் படித்தவர்கள் சொன்னார்கள். ஊருக்கு வேறு யார் நினைவு வரும்? அப்பா கிராம முன்சீப். கலெக்டர் வந்தாலும் முதுகு வளையாதவர்.

நரி என்றால் சமர்த்து. கொக்கு என்றால் பொறுமை.

கழுதை என்றால்?

அன்று சாயங்காலம் அப்பா கடைத்தெருவில் நடந்தபோது, பின்னாலிருந்து எவனோ கழுதைபோல் கத்தினான்.

அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. கூட நடந்த இவர் பார்த்தார். ஒருவர் பாக்கியில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாளே இவர் அச்சகத்துக்குப் போனார். இருந்த பிரதிகளைக் கட்டுக்கட்டாகத் தூக்கி வந்து வெந்நீர் அடுப்பில் போட்டார். ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை.

"இனி பேனாவத் தொட்டேன்னா, நீ எனக்குத் தங்கச்சி கெடயாது."

ஆவுடை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு தீயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கல்யாணமாகிப் போன ஊரிலிருந்து வந்த கடிதங்கள்கூட மாப்பிள்ளையின் கையெழுத்தில்தான் இருந்தன.

பொற்கொடி தொண்டையைச் செருமினாள்.

"மத்த பிளாக்கெல்லாம் அச்சாபீசோடது அய்யா. அங்க எந்த மிருகத்துக்குக் கட்டை இருக்கோ, அதை வெச்சுத்தான் அம்மா கதை எழுதுவாங்களாம். இது ஒண்ணுதான் அவங்களே மதுரைக்கு ஆள் அனுப்பிச் செய்யச் சொன்னது. 'அவங்க வீட்டுப் பொருள், குடுத்துடுங்க'ன்னு அச்சாபீஸ்காரர் மகன் சொன்னாரு."

"யானைக் கட்டை அப்பவே இருந்துதா?"

"இருந்துச்சு அய்யா. சிங்கம்கூட இருந்துச்சு."

அவர் பேனாவை டக்கென்று மேசைமேல் வைத்தார்.

சிங்கமும் யானையும் கையில் இருக்க, ஆள் அனுப்பிக் கழுதை செய்திருக்கிறாள்.

"அந்தக் கதை இருக்கா?"

அவள் பையிலிருந்து நகலை எடுத்தாள். நான்கு பக்கம். எவ்வளவு தூரம் போயிருக்கிறாள் என்று பார்த்துவிடுவது. கண்ணாடியை மாற்றிக்கொண்டார்.

ஒரு கழுதை. அதன் முதுகு பலகைபோல் நேராக இருக்கும். காட்டில் எல்லாரும் அதைத் திமிர் என்றார்கள். ஓர் அணிற்பிள்ளை வாய்க்காலைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போக வேண்டும். பாலம் வெகுதூரத்தில் இருந்தது. கழுதை குனிந்தது. அணில் ஏறிக்கொண்டது. தண்ணீரைப் பார்த்ததும் அதற்கு நடுக்கம்.

'கண்ணை மூடிக்கோ. முப்பத்தெட்டு எண்ணு. கரை வந்துரும்' என்றது கழுதை.

அவர் அந்த வரியில் நின்றுவிட்டார்.

பாலத்தைச் சுற்றித்தான் போக வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு. பிள்ளைகள் வாய்க்காலில் இறங்கியது அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது.

தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

ஒருத்தி தோளில் இருப்பாள். சிலேட்டின் மரச்சட்டம் அவர் காதில் இடிக்கும். ஈரப் பாவாடை கழுத்தில் ஒட்டும். முப்பத்தெட்டு எண்ணு என்பார். அவளுக்கு இருபதுக்குமேல் எண்ணத் தெரியாது. மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குவாள்.

பக்கத்தைத் திருப்பினார். கடைசி வரி.

'கரை வந்த பிறகும் அணில் கண்ணைத் திறக்காமல் எண்ணிக்கொண்டே இருந்தது.'

கட்டையை எடுத்தார். பழைய மை கருத்துக் காய்ந்திருந்தது. விரலால் கழுதையின் முதுகைத் தடவினார். நேரான கோடு. நடுவில் சின்னதாய் ஒரு மேடு; அதற்கும் ஒரு வால்.

"அட்டையில என்ன போட்டிருக்கீங்கன்னு சொன்னீங்க?"

"யானை, அய்யா."

கட்டையை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் கட்டையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"அப்போ... பதிமூணா அய்யா?"

அவர் பேனாவைத் திறந்தார். கையெழுத்தைப் போட்டு முடித்த பிறகும், குனிந்த முதுகு நிமிரவில்லை.