நீலத்தில் விழுந்த புஞ்சை

ஜெயமங்கலத்துக்கு மேற்கே, மொக்கம்மாளின் காய்ந்த புஞ்சையில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி அலறிக்கொண்டிருக்கிறது. துளையிலிருந்து பீறிடும் வெள்ளைப் புழுதி தென்னை மட்டைகளிலும், எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்ட செங்கல்லிலும், ஷர்மினின் இமைகளிலும் படிகிறது. நிலத்தடி நீர் சர்வேக்கு வந்தவள் அவள். போன வாரம் ஜீப் பானெட்டில் செயற்கைக்கோள் படத்தை விரித்து, "மேலருந்து எடுத்ததும்மா இது. ஒங்க புஞ்சை நல்ல நீலத்துல விழுந்திருக்கு" என்று சிரித்துவிட்டுப் போனாள். மழைத்தண்ணீரைத் தேக்கினால் மண் உள்ளே இழுத்துக்கொள்ளும் இடம் என்பதற்குத்தான் அந்த நீலம்; உள்ளே தண்ணீர் இருக்கிறது என்பதற்கு அல்ல. மொக்கம்மாள் காதில் நின்றது நீலம் மட்டும். இன்று அந்தக் காதில் தோடு இல்லை. துளை தூர்ந்துவிடாமல் ஈர்க்குச்சி சொருகியிருக்கிறாள். ஷர்மின் வாயைத் திறக்கும்போதெல்லாம் இன்ஜின் சத்தம் பேச்சை விழுங்கிவிடுகிறது. சுருட்டிய படத்தைக் கை மாற்றி மாற்றிப் பிடிக்கிறாள். மொக்கம்மாளோ புழுதியை அள்ளிக் கசக்கி ஈரம் தேடுகிறாள். முகர்ந்தும் பார்க்கிறாள். "வந்துரும் தாயி, மண்ணு வாசம் அடிக்குது!" என்று கத்துகிறாள். சட்டென்று இன்ஜின் நிற்கிறது. அந்த அமைதியில் ஷர்மினுக்குக் காது அடைக்கிறது. இப்போது பேசலாம்; ஆனால் அவள் படத்தின் சுருளை இன்னும் இறுக்கிச் சுருட்டுகிறாள்.

ரிக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்கிறார்: "வெறும் பொகையாத்தான் வருது ஆத்தா. இன்னும் எறக்கவா?"

மொக்கம்மாள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புழுதி அப்பிய கையை ஷர்மினை நோக்கி நீட்டுகிறாள்.

"மேடத்தக் கேளுப்பா. மேலருந்து பாத்தது அவுகதான்."