சந்துப் பக்கச் சுவர்

செல்போன் ஒரே ஒரு தடவை அடித்து ஓய்ந்தது. அவன் மனைவி அதை எடுக்கவில்லை. திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சாரத்தின் மேல் நின்றிருந்த பெயின்டரிடம், "இதுவும் வேண்டாம்ணே. அடுத்ததைப் பூசிக் காட்டுங்க" என்றாள்.

பெயின்டர் பிரஷ்ஷை டப்பாவின் விளிம்பில் வழித்தார். சந்துப் பக்கச் சுவரில் ஏற்கெனவே கிரீம், பீச், சாம்பல், எலுமிச்சை மஞ்சள் என்று சதுரம் சதுரமாகத் திட்டுகள்.

"ஏம்மா, சுவர் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி ஆயிடுச்சு. இந்தச் சந்துக்குள்ள பூனையைத் தவிர யாரு வரப்போறா? அதுக்கு எந்தக் கலர் பிடிக்கும்னு கேட்டுச் சொல்லுங்க, அதையே அடிச்சு விட்டுடறேன்."

அவள் சிரித்தாள். பக்கவாட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பதற்காகவே லீவு போட்டிருந்தான். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நிறம் பார்க்க அவளுக்கு ஒரு டீ குடிக்கிற நேரம்கூடத் தேவைப்படவில்லை. ஷேடு கார்டை அவனிடமே நீட்டி, "உங்க இஷ்டம்" என்று முடித்துவிட்டாள். தெருவைப் பார்த்த முன்சுவருக்கும் அதே பதில்தான். யார் கண்ணிலும் படாத இந்தச் சுவருக்கு மட்டும் நேற்றிலிருந்து அந்த மனிதரை ஆட்டி வைக்கிறாள்.

அதைவிட உறுத்தியது அந்த மிஸ்டு கால். ஒவ்வொரு திட்டும் பூசி முடிந்ததும் வருகிறது. ஒரு மணி அடித்து நின்றுவிடுகிறது. அவன் கிட்டே போனால் போனைக் கவிழ்த்துக்கொள்கிறாள்.

"யாரு அது?"

"யாருமில்லைங்க. நீங்க போய் ஹால்ல தரைக்குப் பேப்பர் விரிச்சிருக்கான்னு பாருங்க."

போய்ப் பார்த்தான். விரித்திருந்தது. துணி போர்த்திய சோபாவின் நுனியில் உட்கார்ந்தான், எழுந்தான். தாகமில்லாமலே தண்ணீர் குடித்தான். கால்கள் எங்கே போனாலும் சந்துப் பக்கத்துக்கே திரும்பி வந்தன.

பெயின்டருக்கு டீ கொண்டுபோன அவசரத்தில் அவள் போனைச் சமையல் மேடையிலேயே விட்டுவிட்டாள். அது மறுபடி ஒரு தடவை அடித்தது. அவன் எட்டிப் பார்த்தான். பதிந்து வைத்திருந்தது ஆள் பெயர் இல்லை. 'ஜன்னல்' என்று இருந்தது.

வெளியே வந்து தலையைத் தூக்கினான். சந்துக்கு அந்தப் பக்கம், எதிர் வீட்டு மாடியில், சாரம் கட்டிய சுவருக்கு நேர் எதிரே ஒரு ஜன்னல். திரை பாதி ஒதுங்கியிருந்தது. முகம் எதுவும் தெரியவில்லை. உள்ளே ஒரு கை மட்டும், போனோடு, அசைந்து தாழ்ந்தது. ஆணின் கை.

இப்போதுதான் ஞாபகம் வந்தது. எதிர் மாடிக்கு ஒரு அக்காவும் தம்பியும் குடிவந்த புதிதில் அவள் கேட்டிருந்தாள். "அந்தத் தம்பியை ஒரு எட்டுப் பாத்துட்டு வரலாமாங்க?" அவன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அக்கம்பக்கத்து வம்பெல்லாம் நமக்கெதுக்கு?" என்றிருந்தான். அவள் தனியாகத்தான் போய்விட்டு வந்தாள். எத்தனை தடவை போனாள் என்று அவன் கேட்டுக்கொண்டதில்லை.

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் சந்தைத் தாண்டினான்.

எதிர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் உயரமான பைக் ஒன்று உறை போர்த்தி நின்றது. உறைமேல் விரலால் எழுதலாம் போலத் தூசி. டயர் இரண்டும் தரையோடு படிந்திருந்தன. வண்டி இங்கேதான் இருக்கிறது, ஆள் வீட்டில்தான் இருக்கிறான் என்று மட்டும் அவனுக்குப் பட்டது. கேட்க வேண்டியதைப் படிக்குப் படி மனசுக்குள் கோத்துக்கொண்டே ஏறினான்.

கதவைத் திறந்த பெண்ணுக்கு அவனை அடையாளம் தெரிந்தது. "அக்கா வீட்டுக்காரர்தானே? வாங்கண்ணே. இன்னிக்குத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்."

"உங்க தம்பி எங்கே?"

"அவன் எங்க போகப்போறான்? உள்ளதான் இருக்கான்."

அவள் மேலே பேசுவதற்குள் அறைக்குள் நுழைந்து, கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே போய் நின்றான். கோத்து வைத்திருந்த முதல் வார்த்தைக்காக வாயைத் திறந்தான்.

கட்டிலில், முதுகுக்குத் தலையணை கொடுத்துக் கிடத்தியிருந்தார்கள். கழுத்தில் பட்டை. மார்புவரை போர்வை. அதன்மேல் கிடந்த வலது கை மட்டும் போனைப் பிடித்திருந்தது. கட்டை விரல் அழைக்கத் தயாராக இருந்தது.

முதுகுக்குப் பின்னால் சந்தைத் தாண்டிப் பெயின்டரின் குரல் கேட்டது. "இந்த ஆகாய நீலத்துக்காவது தலையாட்டுங்கம்மா, எனக்கு டப்பா தீர்ந்துபோச்சு." மனைவி இந்தப் போனின் மணிக்காகக் காத்திருக்கிறாள்.

கட்டிலில் கிடந்தவன் கண்களை மட்டும் மேலே திருப்பி அவனைப் பார்த்தான்.

"கொஞ்சம் நகர்ந்துக்குங்கண்ணே. சுவர் தெரியலை."