தக்கடிக்கு உப்பு

உருண்டையை உள்ளங்கையில் வைத்து ஓர் அமுக்கு அமுக்கினாள். நான்கு விரலும் பதிந்தன.

அடுத்தது.

வறுத்த அரிசி மாவு, தேங்காய்ப்பூ, பொடியாக அரிந்த சின்ன வெங்காயம். பிசைந்த மாவு இன்னும் கையைச் சுட்டது. அடுப்பில் கோழி ஆணம், சாறு போலத் தண்ணீராக, தளதளவென்று கொதித்தது. அவள் பிடித்துக் கொடுத்த கட்டிகளை உம்மா ஒவ்வொன்றாக அதில் நழுவவிட்டாள். கொதி அடங்கக் கூடாது. அடங்கினால் தக்கடி கரைந்து கஞ்சியாகிவிடும்.

கோழி மாமி அனுப்பியது. கணவனைப் பெற்றவள். இந்த ஊரில் கல்யாணத்துக்குப் பிறகும் பெண் தாய்வீட்டில்தான் இருப்பாள். மாமி நான்கு தெரு தள்ளி இருக்கிறாள். காலையில் கோழியோடு சொல்லியும் அனுப்பியிருந்தாள்.

"புள்ளைக்கு வாய்க்கு ருசியா ஆக்கிக் குடுங்க. நோன்பு திறக்க நானும் வர்றேன்."

எதற்கு என்று சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்.

கல்யாணமாகி நான்கு வருடம். கணவன் போன மாதம்தான் ஷார்ஜாவுக்குத் திரும்பினான். அடுத்த விடுப்புக்கு இரண்டு வருடம் ஆகும். இந்த முறை நாள் தள்ளிப்போயிருந்தது. ஒரு வாரமாக உம்மா அவளைத் தண்ணீர்க் குடம் தூக்க விடவில்லை.

இன்று மதியம் வந்துவிட்டது.

துணியை அலசிப் போட்டுவிட்டு வந்து மாவு வறுக்க உட்கார்ந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. அந்த நாட்களில் பெண்ணுக்கு நோன்பு இல்லை. அவளுடையது மதியமே முறிந்துபோனது. ஆனாலும் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை.

குடித்தால் உம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

செல்போன் அடித்தது. உம்மா தோளில் இடுக்கிக்கொண்டு பேசினாள். மாமிதான். கிளம்பிவிட்டாளாம்.

பேசி முடித்ததும் உம்மாவின் கை உப்புச் சாடி மேல் நின்றது.

"ஆணத்துக்கு உப்புப் போட்டேனா புள்ளே?"

"நான் பாக்கலியே உம்மா."

"நல்லாயிருக்கு போ. சம்மந்தி வர்ற நேரத்துலதானா எனக்கு மறதி வரணும்?"

கரண்டியில் கொஞ்சம் அள்ளி முகர்ந்தாள். மசாலா வாசம்தான் வந்தது.

நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிட்டால் நோன்பு முறியாது என்று சொல்பவர்கள் உண்டு. உம்மா ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. இந்த வீட்டில் நோன்பு மாதத்தில் உப்பு பார்ப்பது, அந்த நாட்களில் இருக்கிற பெண்தான். போன வருடம் அவள் பார்த்திருக்கிறாள்.

"அடுத்த வீட்டு வாண்டைக் கூப்பிடலாம்னா, அவனும் இன்னைக்கு நோன்பாம். போறவ வர்றவளுக்கெல்லாம் நாக்கை நீட்டிக் காட்டுறான், வெள்ளையா இருக்காம்."

சொல்லிவிட்டு உம்மாவே சிரித்தாள். ஒரு வாரமாக அப்படித்தான், சும்மா சும்மா சிரிப்பு.

"அல்லாஹ் விட்ட வழி" என்று ஒரு கை உப்பை அள்ளினாள்.

அவள் அந்தக் கையைப் பிடித்தாள்.

கரண்டியை வாங்கினாள். உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டாள்.

நக்கினாள். விழுங்கினாள்.

"இருக்கு உம்மா. உப்பு போட்டிருக்கீங்க."

உம்மாவின் விரல்கள் விரிந்தன. உப்பு சாடிக்குள் உதிர்ந்தது.

உம்மா அவளைப் பார்க்கவில்லை. அடுப்பைக் குறைத்தாள். கொதி அடங்கப் பார்த்தது. மறுபடி கூட்டினாள்.

"மிச்ச மாவை இங்கிட்டுத் தள்ளு. நான் பிடிக்கிறேன்."

பாங்கு சொல்லும்போது மூவரும் பாயில் இருந்தார்கள். பேரீச்சம்பழத்தைக் கடித்தார்கள். அவளும் கடித்தாள்.

மாமி முதல் கட்டியைப் பிட்டு, ஆணத்தில் தோய்த்து வாயில் போட்டாள்.

"உப்பு கணக்கா இருக்கே. யாரு பாத்தா?"

கேட்ட பிறகுதான் கேள்வி அவளுக்கே உறைத்ததுபோல், மருமகள் பக்கம் திரும்பினாள்.

"நாந்தான் லாத்தா" என்றாள் உம்மா. "நுனி நாக்குல வச்சிட்டுத் துப்பிட்டேன்."

மாமியின் கை தட்டில் நின்றது. இருவரும் சின்ன வயதில் ஒன்றாக ஓதியவர்கள். உம்மா எதைச் செய்வாள், எதைச் செய்யமாட்டாள் என்பது மாமிக்குத் தெரியும்.



பிறகு மாமி அடுத்த துண்டைப் பிட்டாள்.

"நானும் அப்படித்தான் பாக்குறது" என்றாள்.

அவள் நிமிரவில்லை.

இன்னொரு தக்கடி வந்து அவள் தட்டில் விழுந்தது. வைத்தது யார் கை என்று அவள் பார்க்கவில்லை.